நீலம் ஓடிய நாள்

அந்தச் சாயப்பட்டறையில் சிவப்புக்கு மட்டும் முப்பத்திரண்டு பெயர் உண்டு என்று மாஸ்டர் சொல்வார். நம்பாமல் சிரித்தால் முப்பத்திரண்டையும் வரிசையாக ஒப்பிக்காமல் ஆளை விடமாட்டார். இருபத்தாறு வருஷமாகத் துணிக்கு நிறம் கலப்பவர். வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டையும், மெஷினிலிருந்து வெட்டி எடுத்த துண்டையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "மஞ்சள் ஒரு துளி தூக்கல்" என்பார். கம்ப்யூட்டரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதையேதான் சொல்லும். "அது எங்கிட்ட பாடம் படிச்சது" என்று மீசையைத் தடவிக்கொள்வார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் "நான் சொன்னது தப்பு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

மெஷினிலிருந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்துவருவது அவர் மனைவியின் வேலை. இடுப்பில் கத்தரிக்கோல் தொங்க, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை பட்டறையின் ஈரத் தரையைக் கடந்து போவாள், வருவாள். தரையில் எப்போதும் சாயத் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும். பூட்ஸ் கொடுத்தார்கள். "அதைப் போட்டா நான் நடக்கல, அதுதான் என்னை இழுத்துக்கிட்டு நடக்குது" என்று மூலையில் கழற்றிப் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு திரிந்தாள். எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்று கூப்பிட்டார்கள். மாஸ்டரைக் கிண்டல் செய்யும் உரிமை பட்டறையில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. "வீட்டுல சட்டைக்கும் பேன்ட்டுக்கும் பொருத்தம் பார்க்கத் தெரியாது. இங்க வந்து ஊருக்கெல்லாம் நிறம் பார்க்கறாரு" என்பாள். அவரும் கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

அந்த வருஷம் பட்டறையில் பாதிப் பேருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, உடம்பு வலி, நாலு நாள் படுக்கை. அவளுக்கும் வந்தது, எல்லோருக்கும் போல நாலாம் நாள் விட்டும் போனது. ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா கிடந்தால் சுவரைப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது என்று அவளாக வந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை, மாஸ்டரின் அறையில் முக்காலி மேல் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பாதி வரை சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். பிரஷ்ஷை நனைத்து உதறினால் எப்படித் தெறிக்குமோ அப்படி.

"என்னங்க, இது எந்த மெஷின் வேலை?"

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழக்கூட இல்லை. எட்டடி தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "மெரூன். ரெண்டாம் நம்பர் மெஷின். முந்தாநாள் ஓடினது."

"தேய்ச்சாலும் போக மாட்டேங்குதே?"

"கெட்டிச் சாயம். நாலு நாள் போகட்டும், தானா வெளுக்கும்."

வெளுக்கத்தான் செய்தது, அதுதான் கொடுமை. சிவப்பு ஊதாவாகி, ஊதா பழுப்பாகி, ஐந்தாறு நாளில் சாயம் போவது போலவே போனது. "பார்த்தியா?" என்றார் மாஸ்டர். அவளும் பார்த்தாள். சாயப்பட்டறையில் பிழைப்பவர்களுக்கு உடம்பில் நிறம் ஒட்டுவதும் போவதும் செய்தியே இல்லை. அங்கே நகத்தை வைத்தே யார் எந்த மெஷினில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். வேறு வேலை செய்கிற பெண்ணாக இருந்தால் முதல் நாளே பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

அடுத்த வாரம் மறுபடியும் புள்ளிகள் வந்தன. இந்தத் தடவை முழங்காலைத் தாண்டிவிட்டன. மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக இரண்டாம் நம்பர் மெஷினுக்குப் போனார். அதை ஓட்டுகிறவனுக்கு நெட்டையன் என்று பெயர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், ஆனால் குனிந்தே பேசுவான்.

"கதவை மெதுவாத் திறக்கத் தெரியாதா உனக்கு? என் பொண்டாட்டி கால் முழுக்க உன் சிவப்புதான்!"

நெட்டையன் முழித்தான். மெஷினைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். "மாஸ்டர், பத்து நாளா எல்லா மெஷின்லயும் நீலம்தானே ஓடுது? நீங்கதானே அளவு எழுதிக் குடுத்தீங்க?"

ஆமாம். பள்ளிச் சீருடைத் துணி. எட்டு டன் நீலம். தரையில் ஓடிய தண்ணீர்கூட நீலம்தான். சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த இடத்தில் "அட, ஆமா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். மாஸ்டர் சொல்லவில்லை. "பழைய சிவப்பு குழாயில தேங்கி நின்னு இப்ப வருது. கழற்றிக் கழுவு" என்றார். நெட்டையன் அரை நாள் செலவழித்துச் சுத்தமான குழாயைக் கழற்றிக் கழுவினான். அதிலிருந்தும் நீலம்தான் வந்தது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் ஹைட்ரோவைக் கரைத்து எடுத்துவந்தார். சாயத்தை உரிக்கிற வெள்ளைத் தூள் அது. கையில் எந்தச் சாயம் ஒட்டினாலும் பட்டறைக்காரர்கள் அதில்தான் கழுவுவார்கள். பஞ்சை நனைத்து, அவள் கெண்டைக்காலில் ஒரு புள்ளியின் மேல் வைத்துத் தேய்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தேய்த்தார். சுற்றியிருந்த தோல்தான் சிவந்தது. புள்ளி அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். துணியில் நூல் முடிச்சு தட்டுப்படுவது போல லேசாக மேடு தட்டியது. எந்தச் சாயத்துக்கும் மேடு கிடையாது.

மாஸ்டருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"போகுதா?" என்றாள் அவள்.

"கொஞ்சம் கெட்டி. பார்ப்போம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் வராது. வேர்க்குருவாக இருக்கும், செருப்பு ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், நீலம் முடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றெல்லாம் நினைத்ததாகச் சொல்வார். நினைத்தார்தான். ஆனால் டாக்டரிடம் போனால் பட்டறைக்குத் தெரியும், பட்டறைக்குத் தெரிந்தால் நெட்டையன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும் என்பதும் அந்த நினைப்பின் அடியில் கிடந்தது. கடுகளவு காரணம். இவ்வளவு சின்னக் காரணத்துக்கு மனிதர்கள் எவ்வளவு பெரிய விலை கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீலம் முடிந்தது, பச்சை வந்தது, பச்சைக்குப் பின் சாம்பல் வந்தது. அவளுக்கு முழங்கால் வலித்தது. "நின்னுக்கிட்டே இருக்கேன்ல" என்றாள். கணுக்கால் வீங்கியது. அதற்கும் அதுவே காரணம் ஆனது. ஒரு நாள் கொஞ்சம் கூச்சத்தோடு, "என்னங்க, ஒண்ணுக்குப் போனா கறுப்பு டீ மாதிரி இருக்கு" என்றாள். "நீ எங்க தண்ணி குடிக்கிற?" என்று பெரிய பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவள் சமர்த்தாகக் குடித்தாள்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் அவர்கள் ஒரே மகள் லீவுக்கு வந்தாள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது என்னம்மா?"

"சாயம்டி."

மகள் குனிந்து வீங்கிய கணுக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "இதுவா சாயம்? உங்களுக்குக் கண் இருக்காப்பா?"

மாஸ்டரைப் பார்த்து அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் புள்ளிமேல் வைத்து அழுத்தினாள். "பாருங்க, அழுத்தினாலும் நிறம் மறையல. தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. இது எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் டாக்டர். சாயம்னு நினைச்சோம்."

டாக்டர் எழுதிக்கொண்டாள். 'நினைச்சோம்' என்று மனைவி சொன்னது மாஸ்டரைச் சுட்டது. நினைத்தது அவள் மட்டும்தான்.

ரத்தம், சிறுநீர், ஸ்கேன், பிறகு முதுகுப் பக்கம் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கு. முடிவு வந்ததும் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். ரத்தக் குழாய்களில் அழற்சி. வைரஸை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல் சக்தி, வைரஸ் போன பிறகும் அடங்காமல் சொந்த ரத்தக் குழாய்ச் சுவர்களையே தாக்குகிறது. "வேலியே பயிரை மேயுறதுன்னு சொல்வாங்களே, அது மாதிரி. கால்ல தெரிஞ்சது வெளிப்பக்கம். உள்ள சிறுநீரகத்துல இருக்கிற சின்னக் குழாய்களையும் அது விடல."

"காய்ச்சலாலயா இப்படி?" என்றாள் மகள்.

"அதுதான் தூண்டிவிட்டிருக்கும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது. சமீபத்துல தடுப்பூசி ஏதாவது போட்டாங்களா?"

"இல்லை."

"ரொம்ப அபூர்வமா அதுக்கு அப்புறமும் வர்றதுண்டு, அதனால கேட்டேன். நிறையப் பேருக்குக் காரணமே தெரியறதில்லை."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "பட்டறையில பாதிப் பேருக்கு அதே காய்ச்சல்தானே வந்துச்சு டாக்டர்?"

"ஆமா. ஏன் இவங்களுக்கு மட்டும்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்லை."

மூன்று நாள் வீரியமான மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானே, விடுங்க" என்று அவள் நர்ஸோடு சிரித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு மாத்திரை வந்தது. வாரங்கள் போயின. மாத்திரையில் அவள் முகம் உருண்டையாகி, கண்ணாடியில் பார்த்து, "யாரு இந்த அம்மா, நல்லா சாப்பிடறாங்க போல" என்றாள். காலில் புதுப் புள்ளிகள் வருவது நின்றது. பழையவை பழுப்பாகி மறைந்தன. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளே ஆகவில்லை. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் எண் ஒன்று ரத்தப் பரிசோதனையில் வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் ஐந்து புள்ளி எட்டு. பிறகு ஐந்து புள்ளி ஆறு. அன்று மாஸ்டர் வாசலில் நின்ற முன்பின் தெரியாதவரிடம்கூட "குறையுது சார்" என்றார். பிறகு ஆறு புள்ளி நாலு. பிறகு ஏழு புள்ளி ஒன்பது. பட்டறையில் எண் தவறினால் உப்பைக் கூட்டலாம், சூட்டைக் குறைக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் நிறத்தை உரித்துவிட்டு முதலிலிருந்து சாயம் ஏற்றலாம். இங்கே காகிதத்தை வாங்கிப் படித்து மடித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. தன் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உங்களுக்குப் பத்து வருஷமா சர்க்கரை. எடுக்க மாட்டோம்" என்றார்கள். அந்த வழியும் அடைபட்டது.

ஒரு நாள் டாக்டரை வராந்தாவில் தனியாகப் பிடித்தார். "இன்னும் மூணு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் நின்று யோசித்தாள். "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். கண்டிப்பாக் காப்பாத்தியிருப்போம்னு சொல்ல முடியாது."

அவருக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது. ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இல்லை என்றிருந்தால் தூங்கியிருக்கலாம். இரண்டும் கிடைக்காமல் வீட்டுக்குப் போனார்.

டயாலிசிஸ் தொடங்கும் முன் டாக்டர் அவரையும் மகளையும் கூப்பிட்டுச் சொன்னாள். சிறுநீரகம் திரும்பும் என்று இனி எதிர்பார்க்க முடியாது. மாற்று உறுப்பு பற்றி, நோய் நன்றாக அடங்கிய பிறகு, மாதங்கள் கழித்துத்தான் யோசிக்கலாம். கிடைக்குமா என்பது வேறு விஷயம். அதுவரை வாரம் மூன்று தடவை மெஷின். "நான் அவகிட்ட சொல்லிக்கறேன்" என்றார் மாஸ்டர். மகள் நம்பி ஊருக்குத் திரும்பிப் போனாள். அவர் மூன்று தடவை மனைவியைக் கூட்டிவந்து கூட்டிப்போனார். மூன்று தடவையும் சொல்லவில்லை.

நாலாவது தடவை.

எட்டுப் படுக்கை போட்ட நீளமான அறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மெஷின். அவள் கழுத்தின் வலப்பக்கம் போட்ட குழாயிலிருந்து ரத்தம் போய், சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினின் திரையைப் படித்தார். தண்ணீரின் சூடு, உப்பின் அளவு, சோடாவின் அளவு, அழுத்தம், ஓட்டம். அடுத்த அறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் யந்திரம் பட்டறையில் உள்ளது போலவே உறுமியது. அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் புரிந்த ஒரே பொருள் அந்த மெஷின்தான். அவர் கை தன்னை அறியாமல் திரைப் பக்கம் போயிருக்க வேண்டும்.

"சார், கை வைக்காதீங்க" என்றார் டெக்னீஷியன்.

மாஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் என் அவசரம்தான்" என்று அவள் ஆரம்பித்தாள். இதை நர்ஸிடம் சொன்னாள், பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொன்னாள், போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "காய்ச்சல் விட்ட மறுநாளே போய் ஈரத்துல நின்னேன். பூட்ஸ் குடுத்தாங்க, அதையும் போடல. ஒரு வாரம் வீட்டுல படுத்திருந்தா இது வந்திருக்குமா? எனக்கு நானே தேடிக்கிட்டது."

"அதனால எல்லாம் வராதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"அவங்க ஆறுதலுக்குச் சொல்வாங்க." கண்ணை உருட்டி மெஷினைப் பார்த்தாள். "என்னங்க, இன்னும் எத்தனை தடவை இருக்கு இது? மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சுடும்ல?"

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினார்.

"முடியாதும்மா. வாரத்துக்கு மூணு தடவை. இனிமே எப்பவும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மூக்கின் ஓரமாக ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. "பாருங்க" என்றாள் மெதுவாக. "என் கொழுப்பு. அந்த அஞ்சாம் நாள் நான் போகாம இருந்திருக்கலாம்."

அதற்கு மேல் அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ எதுவும் பண்ணல. நான்தான். உன் கால்ல இருந்தது சாயம் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

"அப்பவே தெரியும். ரெண்டாவது தடவை வந்தப்பவே. அன்னிக்கு எல்லா மெஷின்லயும் நீலம் ஓடிச்சு. நெட்டையன் சொன்னான். ஹைட்ரோ போட்டுத் தேய்ச்சேனே, அது துளிகூட அசையல. தடவிப் பார்த்தா மேடா இருந்துச்சு. சாயம் இல்லைன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட பார்ப்போம்னு சொன்னேன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவர் சொன்னதை மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நெட்டையனை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். குழாயைக் கழுவச் சொல்லிட்டேன். அப்புறம் போய் எப்படி..." வாய்விட்டுச் சொல்லும்போது அது அவர் காதுக்கே எவ்வளவு அற்பமாகக் கேட்டது!

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். உடனே மெஷின் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டெக்னீஷியன் ஓடிவந்து அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தார். "கழுத்தைத் திருப்பாதீங்கம்மா. குழாய் மடங்குது, ரத்தம் நின்னுடும். இப்படியே இருங்க, சாரைப் பார்த்த மாதிரியே." தலையணையைச் சரிசெய்து, சத்தம் நின்றதும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது அவர் முகம்தான். மாஸ்டர் ஸ்டூலை நகர்த்தப் பார்த்தார். பின்னால் சுவர், முன்னால் மெஷின், நகர இடம் இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார். "ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

"என்னால எந்திரிச்சுப் போக முடியாது. நீங்களும் போயிடாதீங்க, மயக்கம் வந்தா யாராவது வேணும். ஆனா பேசாதீங்க."